கூட்டக் குறிப்பு, எண் ஏழு

பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பதினாறு நாற்காலிகள்.
குறிப்பெடுப்பது என் வேலை:
யார் வந்தார், என்ன முடிவு, யார் பொறுப்பு.
யார் பெருமூச்சு விட்டார் என்பதற்குக் கட்டமில்லை.

ஃப்ரீஸ்லாந்தின் இந்த மூலையில்
தரை ஆண்டுக்கு ஒரு விரல் அகலம் இறங்குகிறது.
ஏற்கெனவே கடலுக்குத் தாழ இருக்கும் ஊர்.
செத்த நாணல்கள் நீருக்குள் மட்காமல் கிடந்து
மண்ணான மண் இது.
வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால்
காற்று பட்டு எரியத் தொடங்கும்,
புகை இல்லை, சூடு இல்லை,
மேய்கிற மாட்டுக்குக்கூடத் தெரியாது.

நீரை உயர்த்தினால் எரிவது நிற்கும்.
நீரை உயர்த்தினால் மாடு முழங்கால்வரை புதையும்.
நடுவில் எங்கோ ஓர் எண் இருக்கிறதென்று நம்பி
எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

இல்டிகோ திரையில் வரைபடத்தை விரித்தாள்.
நான்கு வருட உழைப்பு, அறுபத்து மூன்று அளவுக்குழாய்கள்,
தொலைந்துபோன இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
எங்கும் நீலம்.
போஸ்மா பண்ணைக்குப் பின்னால் மட்டும் மஞ்சளாய் ஒரு கறை:
எந்தக் கணக்குக்கும் பிடிகொடுக்காமல்
காய்ந்து கிடக்கும் இரண்டு ஹெக்டேர்.
"மாதிரியில் ஏதோ பிழை," என்றாள். "தேடிக்கொண்டிருக்கிறேன்."

ஹில்கே எழுந்தார்.
"முதல்முறை வந்தீர்கள், காப்பி கொடுத்தோம்.
இரண்டாம் முறை வந்தீர்கள், கேள்வித்தாள் நிரப்பினோம்.
மூன்றாம் முறை நீங்கள் வருவதற்குள்
என் மகன் மாடுகளை விற்றுவிட்டான்.
இன்னும் தேடுகிறீர்களா?"

காப்பி இயந்திரம் இருமி ஓய்ந்தது.
எழுதவா வேண்டாமா என்று நான் யோசித்த நேரத்தில்
கடைசி வரிசையில்
வீட்ஸ்கே போஸ்மா கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அது பிழை இல்லை.
தொண்ணூற்று நான்கு, அக்டோபர்.
நானும் யெல்லேயும் ராவோடு ராவாகக் குழாய் புதைத்தோம்.
அனுமதி கேட்கவில்லை,
கேட்டிருந்தால் கிடைத்திருக்காது."
அப்புறம், யாரையும் பாராமல்:
"பக்கத்து வயலின் நீரும் அதில்தான் வடிகிறது."

பக்கத்து வயல் ஹில்கேயுடையது.
விரிசல் விட்ட கொட்டகைச் சுவருக்காக
நீர்வாரியத்தின் மேல் அவர் எழுதிய புகார்கள்
எங்கள் கோப்பில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

என் பேனா நின்றுவிட்டது.
இல்டிகோ கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு ஆழம்?"
"குழிக்குள் நின்றேன். இதுவரை வந்தது."
வீட்ஸ்கே எழுந்து நின்று
இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள்.
பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து
இல்டிகோ அந்தப் பளபளத்த மரத்தரையில் மண்டியிட்டாள்.
குதிகாலிலிருந்து கைவரை.
தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
யாரும் சிரிக்கவில்லை.

"சுவர் வெடித்தது தொண்ணூற்றாறில்," என்றார் ஹில்கே.
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுதியது இவ்வளவே:
பங்கேற்பாளர் ஒருவர் தந்த தகவலின்படி
பழைய வடிகுழாய் ஒன்று இருக்கலாம்.

மார்ச்சில் தோண்டினோம்.
வாடகை இயந்திரம் கேட்டிருந்தோம்;
வந்தது ஹில்கேயின் இயந்திரம், ஓட்டியவரும் அவரே.
வணக்கம் சொல்லவில்லை. கரண்டியை மட்டும்
முட்டையைத் தொடுகிற மாதிரி இறக்கினார்.
கறுத்த சேற்றிலிருந்து குழாய் எழுந்தது.
அதைச் சுற்றியிருந்தது தேங்காய் நார்,
ஏதோ வெயில் கரையிலிருந்து கப்பலேறி வந்து
முப்பது வருடம் ஈரத்தில் கிடந்தும்
இன்னும் கையைக் குத்துகிற நார்.
வீட்ஸ்கே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

இப்போது நீர் ஒன்பது சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.
மஞ்சள் கறை சுருங்கிவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் பாக்கி.
அது ஏனென்று இல்டிகோவுக்கு இன்னும் தெரியாது;
இந்த முறை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை,
"உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

எட்டாவது கூட்டம். பதினெட்டு நாற்காலிகள்.
மூன்றாம் பொருள்: கொட்டகைச் சுவருக்கான செலவு.
முடிவு: பேசப்பட்டது.
பொறுப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி காத்திருக்கிறேன்.
மை ஒரு புள்ளியாய் ஊறிக்கொண்டிருக்கிறது.